சிங்கப்பூரிலிருந்து பனிமலைக்கு: கிளம்பும் நாளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் வந்துவிட்டால் எனக்கு ஒரே மாதிரிக் குறுஞ்செய்திகள் வரும். "ஜனவரில நிசேகோ போறோம், ஃபிரண்ட்ஸ் எல்லாம் வேற வேற ஊர்லேர்ந்து வர்றாங்க, நீ போயிருக்கியே, கொஞ்சம் சொல்லேன்." நாங்கள் ஐந்து பேர், பல்கலைக்கழக நாள்களிலிருந்து நண்பர்கள். இப்போது ஒருத்தி மெல்பர்னில், ஒருவன் லண்டனில், ஒருவன் சென்னையில், ஒருத்தி தோக்கியோவில், நான் சிங்கப்பூர் ஈசூனில். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் இருக்கும் நிசேகோவில் பனிச்சறுக்குக்காக நான்கு குளிர்காலம் சந்தித்திருக்கிறோம். எப்படிச் சறுக்குவது என்று சொல்லித்தர அங்கேயே பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை போகும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை, நான் பார்த்தவரை பயணம் கெட்டுப்போவதும் அந்த நாளில்தான். அதனால் இதுவரை என்னிடம் கேட்கப்பட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த வழியாகப் போவது? நேரடி விமானம் இருக்கிறதா?

நிசேகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய விமான நிலையம் சப்போரோ நகருக்கான நியூ சித்தோசே. சிங்கப்பூரிலிருந்து நேரடிச் சேவை குளிர்காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும் இருக்கும், அட்டவணையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தோக்கியோ வழிதான், அதிலும் ஹனேடா. சாங்கியில் இரவு ஏறினால் சுமார் 7 மணி நேரத்தில் ஹனேடா, அங்கிருந்து சித்தோசேக்கு ஒன்றரை மணி நேரம். அந்த உள்நாட்டுத் தடத்தில் நாளெல்லாம் விமானங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், ஒன்று போனால் அடுத்தது என்ற நிம்மதி உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனம். மலிவாகக் கிடைக்கிறதே என்று நரித்தாவில் இறங்கி ஹனேடாவில் ஏறுகிற மாதிரி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். இரண்டும் தோக்கியோவுக்குத்தான், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு பேருந்தில் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கையில் பெட்டிகள் வேறு. மிச்சப்படுத்திய வெள்ளி அங்கேயே போய்விடும்.

ஹனேடாவில் எவ்வளவு நேரம் இடைவெளி விட வேண்டும்?

குறைந்தது 3 மணி நேரம். குடும்பமாகப் போனால் நாலு.

பலருக்கு இது தெரியாது: சித்தோசே வரைக்கும் பெட்டிக்குச் சீட்டு ஒட்டியிருந்தாலும், ஜப்பானில் முதலில் இறங்கும் இடத்தில்தான் குடிநுழைவும் சுங்கமும். பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள், வரிசை நீளமாக இருந்தால் அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். அனைத்துலக விமானங்கள் பெரும்பாலும் 3ஆம் முனையத்தில் இறங்கும், உள்நாட்டு விமானங்கள் 1 அல்லது 2ஆம் முனையத்திலிருந்து கிளம்பும், நடுவில் இலவசப் பேருந்து ஓடுகிறது.

முதல் முறை நான் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுத்தேன், இடைவெளி 1 மணி 50 நிமிடம். சாங்கியில் கிளம்பும்போதே 40 நிமிடத் தாமதம். ஹனேடாவில் பெட்டிக்காக நின்றபோது நான் ஏற வேண்டிய அடுத்த விமானம் கதவை மூடிவிட்டது. தனி டிக்கெட் என்பதால் அடுத்த விமானத்துக்கு முழுக் கட்டணம். சித்தோசே போய்ச் சேர்ந்தபோது நிசேகோவுக்கான கடைசிப் பேருந்தும் போய்விட்டிருந்தது, அன்று இரவு சப்போரோவில் தங்கினேன். நண்பர்கள் நாலு பேரும் விடுதியில் எனக்காகச் சமைத்து வைத்துவிட்டு விழித்திருந்தார்கள். அது இன்னும் மனசில் உறுத்துகிறது. ஆகவே முடிந்தால் சாங்கியிலிருந்து சித்தோசே வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள், தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டிய பொறுப்பு அப்போது நிறுவனத்துடையது.

ஒத்துவரும் கணக்கு ஒன்று சொல்கிறேன். காலை 6:30க்கு ஹனேடா, 10 மணி வாக்கில் அடுத்த விமானம், 11:30க்குச் சித்தோசே, ஒரு மணிக்குப் பேருந்து, நாலு மணிக்கு நிசேகோவின் ஹிராஃபு பகுதி. ஜனவரியில் ஹொக்கைடோவில் மாலை நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது, இருட்டில் பெட்டியை இழுத்துக்கொண்டு பனி மூடிய சந்தில் வீட்டு எண் தேடியவர்களுக்குத் தெரியும்.

எல்லோரும் விமான நிலையத்திலேயே சந்தித்து ஒன்றாகப் போகலாமா?

ஆசைதான். ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஐந்து பேர் ஐந்து திசையிலிருந்து வரும்போது ஒருவராவது தாமதமாவார். மற்ற நாலு பேரும் அவருக்காகக் காத்திருந்தால் நாலு பேருடைய பேருந்தும் போய்விடும். விடுதியில் சந்திப்பது என்று முடிவு செய்யுங்கள், முதலில் வருபவர் சாவியை வாங்கிக் கணப்பைப் போட்டு வைக்கட்டும். ஒரே நேரத்தில் வந்து இறங்குபவர்கள் மட்டும் சேர்ந்து வரலாம்.

அப்படிச் சேர்வதானால் எந்த முனையம், எந்தத் தளம், எந்தக் கடை வாசல் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சித்தோசேயில் உள்நாட்டு முனையம் ஒன்று, அனைத்துலக முனையம் ஒன்று, நடுவில் நீண்ட நடைபாதை. இரண்டாவது ஆண்டு மெல்பர்ன் தோழியும் நானும் "வருகைக் கூடத்தில் பார்ப்போம்" என்று மட்டும் பேசியிருந்தோம். நான் தோக்கியோ வழி வந்ததால் உள்நாட்டு முனையத்தில் நின்றேன், அவள் அனைத்துலக முனையத்தில் நின்றாள். அவளுடைய தொலைபேசியில் தரவு இல்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருவரும் ஒரே கட்டடத் தொகுதியில் ஒருவரையொருவர் காணாமல் நின்றிருக்கிறோம்.

அதற்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு செய்தியை மேலே குத்தி வைக்கிறோம்: ஒவ்வொருவருடைய விமான எண், இறங்கும் நேரம் (ஜப்பான் நேரப்படி, அது நம்மைவிட 1 மணி நேரம் முன்னால்), பேருந்து நேரம், விடுதி முகவரி ஜப்பானிய எழுத்தில். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள், டாக்சி ஓட்டுநரிடம் காட்ட அதுதான் உதவும். சிங்கப்பூரிலேயே இ-சிம் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

சாங்கிக்கு எப்போது போவது, எதில் போவது?

இரவு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னதாக. ஒரு பெட்டி, ஒரு முதுகுப்பை என்றால் எம்ஆர்டி தாராளமாகப் போதும், தானா மேராவில் மாறினால் போயிற்று, கிழக்கு வட்டாரத்தில் இருப்பவர்கள் டௌன்டவுன் தடத்தில் எக்ஸ்போ வரை வந்தும் மாறலாம். சொந்த ஸ்கீ பை இருந்தால் மட்டும் பெரிய வண்டியாகப் பார்த்து பதிவு செய்யுங்கள், அந்த நீளம் சாதாரண டாக்சியின் பின்பெட்டியில் அடங்காது. விடிகாலை விமானம் என்றால் ரயில் கிடையாது, முந்தைய இரவே வண்டியைப் பதிவு செய்துவிடுங்கள்.

எந்த முனையம் என்பதையும் முன்பே பாருங்கள். 1, 2, 3 ஆகியவற்றுக்கு இடையே வான்ரயில் இருக்கிறது, 4க்குப் பேருந்தில்தான் போக வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் கடைத்தொகுதிக்குப் போய் அந்த 40 மீட்டர் நீர்வீழ்ச்சிக்கு எதிரே உட்கார்ந்து ஒரு கோப்பி குடியுங்கள். அடுத்த ஒரு வாரத்துக்கு நீங்கள் பார்க்கப்போகும் நீரெல்லாம் உறைந்துதான் இருக்கும்.

1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் விமானத்தில் ஏறும் வாயிலிலேயே நடக்கும். குடிநுழைவு தாண்டி வாங்கிய தண்ணீர்ப் புட்டியையும் அங்கே காலி செய்யச் சொல்வார்கள். காலிப் புட்டியை உள்ளே கொண்டுபோய் நிரப்பிக்கொள்வதுதான் வசதி. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும், ஹொக்கைடோவில் இறங்கினாலும் அப்படித்தான், ஆகவே தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

சிங்கப்பூர் வெயிலில் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டா கிளம்புவது?

வேண்டாம். ஈசூனில் 31 டிகிரி, ஹிராஃபுவில் மைனஸ் 8. இரண்டுக்கும் ஒரே உடையில் வழி கிடையாது, வழியில் மூன்று இடத்தில் மாறிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து சாதாரண டி-சட்டை, தளர்ந்த கால்சட்டை. விமானத்துக்குள் மேலே ஒரு மெல்லிய கம்பளிச் சட்டை. சித்தோசேயில் இறங்கியதும் கழிப்பறைக்குப் போய் உள்ளாடையாக வெப்ப உடை, மேலே ஜாக்கெட். இந்த மூன்றாவது கட்டத்துக்கு வேண்டியதெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும், அடியில் போகும் பெட்டியில் அல்ல. பெட்டி வராமல் போனாலும் நீங்கள் குளிரில் நிற்க வேண்டியிருக்காது.

ஜீன்ஸைத் தவிருங்கள். பருத்தி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், உலரவே உலராது. ஓடப் போடும் காலணியின் தட்டையான அடிப்பகுதியும் பனியில் வழுக்கும். ஹொக்கைடோவில் காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள் வைத்த ரப்பர் பட்டைகள் விற்கிறார்கள், பேருந்து ஏறும் முன் ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டால் சறுக்கு மைதானத்துக்குப் போகும் முன்பே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மிகைப்படுத்தவில்லை, நம் ஆட்கள் விழுவது சரிவில் அல்ல, விடுதி வாசலில்தான்.

எதையெல்லாம் வாங்க வேண்டும், எதை அங்கே வாடகைக்கு எடுக்கலாம்?

ஆண்டுக்கு ஒரு முறை போகிறவர் ஸ்கீ, பூட்ஸ், கோல், தலைக்கவசம் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அவற்றை வைக்க இடமும் இல்லை, இந்த ஈரப்பதத்தில் பூஞ்சை வேறு பிடிக்கும். கையுறை, பனிக்கண்ணாடி, கழுத்துறை, காலுறை இவை மட்டும் சொந்தமாக இருக்கட்டும். டெக்கத்லானில் நியாயமான விலையில் கிடைக்கும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு மேலேயே மாட்டுகிற மாதிரியான பனிக்கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள்.

காலுறை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் இதில் தவறுகிறார்கள். குளிருமே என்று தடியாக இரண்டு ஜோடி போட்டால் பூட்ஸுக்குள் ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் சில்லிட்டுப்போகும். முழங்கால் வரை வரும் மெல்லிய ஸ்கீ காலுறை ஒன்றே ஒன்று, மடிப்பில்லாமல். சென்னை நண்பன் முதல் ஆண்டு இரண்டு போட்டுக்கொண்டு ஏறினான். மதியம் பூட்ஸைக் கழற்றியபோது அவன் கெண்டைக்காலில் காலுறையின் ஒவ்வொரு மடிப்பும் சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது, விரல்கள் வெளுத்திருந்தன.

கிளம்பும் முன்பே வாடகைக் கடையின் படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்பிவிடுங்கள். உயரம், எடை, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில், எவ்வளவு சறுக்கத் தெரியும் என்பதைக் கேட்பார்கள். எடையை உண்மையாகவே எழுதுங்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து கழன்று விடுபடும் பிடிப்பை எடையை வைத்துத்தான் முறுக்கி வைப்பார்கள். கூடுதலாக இறுக்கியிருந்தால் ஸ்கீ கழலாது, முட்டிதான் திருகும்.

அம்மா கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டைக் கொண்டுபோகலாமா?

பொடி வகைகள் பிரச்சினை இல்லை. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கடையில் வாங்கிய மசாலா பொட்டலம் எல்லாம் நாங்கள் கொண்டுபோகிறோம். புளிக்காய்ச்சல், தொக்கு, ஊறுகாய் ஆகியவை திரவக் கணக்கில் வரும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், ஆகவே இரட்டைப் பை போட்டு அடியில் போகும் பெட்டியில்.

இறைச்சி கூடவே கூடாது. சீனப் புத்தாண்டு நேரத்தில் அலுவலக நண்பர்கள் தரும் பக்வா (இனிப்பாகச் சுட்ட இறைச்சித் துண்டு), இறைச்சித் துண்டு போட்ட உடனடி நூடுல்ஸ், கோழி ஊறுகாய், எதுவும் வேண்டாம். ஜப்பானியச் சுங்கத்தில் மோப்ப நாய்கள் உண்டு, சட்டமும் கடுமை. பச்சைக் கறிவேப்பிலை, எலுமிச்சை, பழங்களும் அப்படித்தான். தேக்கா சந்தையில் வாங்கிய ஒரு பிடி கறிவேப்பிலையைத் துணிக்கு நடுவில் வைத்துக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேண்டுமானால் வீட்டிலேயே எண்ணெயில் பொரித்து, பொடியோடு சேர்த்து அரைத்துவிடுங்கள்.

நான் சைவம். வழியில் என்ன சாப்பிடுவது?

உண்மையில் இதுதான் அந்த நாளின் கடினமான பகுதி. விமானத்தில் சைவ உணவை முன்பதிவு செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஜப்பானில் காய்கறி மட்டும்தான் என்று தெரியும் சூப்பிலும் நூடுல்ஸிலும்கூட தாஷி என்ற மீன் சாறு இருக்கும். "இறைச்சி இல்லை" என்று சொன்னால் மீனைச் சேர்த்துச் சொல்கிறீர்கள் என்று அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் மீன், மீன் சாறு என்று தனித்தனியாக எழுதிய ஜப்பானிய வாசகத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பில் ஊறிய உமே பழம் வைத்த சோற்று உருண்டை, ரொட்டி, வாழைப்பழம், கொட்டை வகைகள் எல்லாம் சிறிய கடைகளில் கிடைக்கும், உருண்டையின் பொருள் பட்டியலை மட்டும் மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். நான் வீட்டிலிருந்தே எட்டு சப்பாத்தி சுருட்டி, உள்ளே சர்க்கரை தூவி எடுத்துப் போகிறேன். ஹனேடாவில் காலை ஏழு மணிக்கு அதைத் தின்பதில் ஒரு தெம்பு இருக்கிறது.

பவர் பேங்க், சூடாகும் கையுறை?

பவர் பேங்க் கைப்பையில் மட்டும், அடிப்பெட்டியில் வைக்கவே கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவும் மின்னேற்றவும் கூடாது. ஜப்பானிய நிறுவனங்கள் 2025 ஜூலையிலிருந்து அதைத் தலைக்கு மேலுள்ள அறையில் வைக்காமல் கண்ணில் படும்படி வைத்திருக்கச் சொல்கின்றன. விதிகள் மாறிக்கொண்டே வருவதால் கிளம்பும் வாரம் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி வைத்த கையுறைக்கும் அதே கணக்கு, பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில்.

மருந்து?

சளிக்கும் மூக்கடைப்புக்கும் நாம் சாதாரணமாக வாங்கும் சில மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. கோடீன் உள்ள இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அட்டையில் உள்ள பெயரைப் படித்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மருந்தாளரைக் கேளுங்கள். மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளைச் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். உதட்டுக்கு வாஸ்லின், முகத்துக்கு சூரியத் திரை, இரண்டும் கட்டாயம். பனி வெயிலை மேலே திருப்பி அடிக்கும், தாடைக்குக் கீழே எல்லாம் கருத்துவிடும்.

விசா, படிவங்கள்?

சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு என்றால் சுற்றுலாவுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இருக்கும் இந்தியக் குடிமக்கள் ஜப்பான் விசா எடுத்தே ஆக வேண்டும். இங்கே பத்து ஆண்டு இருந்தவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள், இரண்டு மாதம் முன்னதாகவே பாருங்கள். குடிநுழைவு, சுங்கத் தகவல்களை விசிட் ஜப்பான் வெப் தளத்தில் பதிந்து, வரும் கியூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்தில் இணையம் தகராறு செய்தாலும் காட்டலாம்.

பெட்டிகளை விடுதிக்கு முன்னாலேயே அனுப்பிவிடலாமா?

ஆமாம், ஜப்பானில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. தக்கியுபின் என்பார்கள். விமான நிலைய முகப்பில் பெட்டியைக் கொடுத்து முகவரி எழுதினால் விடுதிக்கே வந்துவிடும், ஸ்கீ பைகளையும் எடுத்துக்கொள்வார்கள். சித்தோசேயில் கொடுத்தால் பொதுவாக மறுநாள், தோக்கியோவில் கொடுத்தால் இரண்டு நாள் வரை ஆகலாம், பனி அதிகமானால் இன்னும் ஒரு நாள். அதனால் முதல் நாள் சறுக்குவதற்கு வேண்டிய உடை உங்களோடு இருக்க வேண்டும். திரும்பும்போது இரண்டு நாள் முன்பே விடுதியில் கொடுத்துவிட வேண்டும்.

சித்தோசேயிலிருந்து நிசேகோவுக்குக் கார் எடுத்து ஓட்டலாமா?

பனியில் ஓட்டிப் பழகாதவர்கள் வேண்டாம். நாங்கள் ஐந்து பேருமே உரிமம் வைத்திருக்கிறோம், ஐந்து பேருமே பேருந்தில்தான் போகிறோம். ஹொக்கைடோ சாலைகளில் மேலே சிவப்பு வெள்ளைப் பட்டையிட்ட அம்புகள் கீழ்நோக்கித் தொங்கும். சாலையின் ஓரம் எங்கே முடிகிறது என்று காட்டத்தான் அவை, ஏனென்றால் ஓரமே தெரியாத அளவுக்குப் பனி மூடிவிடும். சிங்கப்பூரின் பான் தீவு விரைவுச்சாலையில் பத்து ஆண்டு ஓட்டிய அனுபவம் அதற்கு உதவாது. எப்படியும் ஓட்டுவதென்றால் அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தை இங்கேயே எடுத்துக்கொண்டு, பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

பேருந்து இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இருக்கையை முன்பதிவு செய்யுங்கள், ஜனவரி, பிப்ரவரியில் நிரம்பிவிடும். ரயிலிலும் போகலாம், சப்போரோ, ஒத்தாரு வழியாகக் குச்சான் நிலையம் வரை. அழகான பாதைதான், ஆனால் பெட்டியோடு மாறி மாறி ஏற வேண்டும். விடுதி நிசேகோவின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். கிராண்ட் ஹிராஃபு, ஹனாசோனோ, நிசேகோ வில்லேஜ், அன்னுபுரி என நாலு மைதானங்களும் ஒரே மலையைச் சுற்றி இருந்தாலும் பேருந்து நிறுத்தங்கள் வேறு வேறு.

பனியால் விமானம் ரத்தானால் என்ன செய்வது?

நடக்கும். 2022 பிப்ரவரியில் சப்போரோவில் கொட்டிய பனியில் ரயில்கள் நாள்கணக்கில் ஓடவில்லை. இதற்காகத்தான் திரும்பும் பயணத்தில், சிங்கப்பூர் விமானத்துக்கு முந்தைய இரவே சப்போரோவிலோ தோக்கியோவிலோ இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். போகும்போது தாமதமானால் அவ்வளவு நஷ்டமில்லை, சித்தோசேயின் உள்நாட்டு முனையத்தின் 4ஆம் மாடியில் வெந்நீர்க் குளியல் இருக்கிறது, ராமென் நூடுல்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பிள்ளைகளுக்குச் சாக்லெட் செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் கூடம் உண்டு.

சித்தோசேயில் விமானம் கிளம்பும் முன் இறக்கைகளில் கொழகொழப்பான ஒரு திரவத்தைப் பீய்ச்சி அடிப்பார்கள், முதலில் சூடாக, பனியைக் கரைக்க, பிறகு கெட்டியாக, மறுபடி படியாமல் இருக்க. சன்னல் வழியே பச்சைப் பாகு மாதிரி வழிந்து இறங்குவதைப் பார்க்கலாம். இறக்கையில் மெல்லிய உறைபனி படிந்தாலே விமானத்தைத் தூக்கும் விசை குறைந்துவிடும். அந்தத் திரவத்துக்கும் கால வரம்பு உண்டு, அதற்குள் கிளம்பாவிட்டால் மறுபடி அடிக்க வேண்டும். தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம், அந்த நேரத்தில் பொறுமையாக இருப்பதுதான் நல்லது.

காப்புறுதி அவசியமா?

அவசியம். சாதாரணப் பயணக் காப்புறுதியில் பனி விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள், பலவற்றில் கூடுதல் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். குறியிட்ட பாதைக்கு வெளியே சறுக்கினால் பாதுகாப்பு இல்லை என்று சின்ன எழுத்தில் இருக்கும். விமானத் தாமதத்துக்கு எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தொகை தருவார்கள் என்பதையும் பாருங்கள், தாமதமானால் அதற்கான சான்றை விமான நிறுவனத்திடம் அங்கேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்த மாதம் நல்லது? பொங்கலன்று கிளம்ப நேர்ந்தால்?

பள்ளி விடுமுறை என்பதால் நம்மில் பலர் டிசம்பரில் போகிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில் பனி இன்னும் சரியாகப் படிந்திருக்காது. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் மேலே வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஹொக்கைடோ மலைகளில் கொட்டும், அது உச்சத்தில் இருப்பது ஜனவரி, பிப்ரவரியில். மாவு மாதிரி உலர்ந்த பனி அது, கையில் பிடித்தால் உருண்டைகூட ஆகாது. சீனப் புத்தாண்டு வாரத்தில் கூட்டமும் விலையும் ஏறிவிடும். எங்கள் ஐவருக்கும் ஒத்துவருவது ஜனவரியின் நடு வாரங்கள், அதாவது பொங்கலை ஒட்டித்தான்.

ஒரு முறை பொங்கலன்று இரவே விமானம். காலையில் கேம்பல் லேனில் வாங்கிய கரும்போடு வீட்டில் பொங்கல் வைத்து, மதியம் சாப்பிட்டு, மாலையில் பெட்டியை மூடினோம். பண்டிகையை விட்டுவிட்டுப் போகிறாயா என்று அம்மா முதலில் வருத்தப்பட்டார், பிறகு அவரே நெய்யில் வறுத்த முந்திரி ஒரு டப்பா கொடுத்தார். பண்டிகை நாளில் கிளம்புவதானால் காலை நேரத்தை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், பெட்டியை முந்தைய வாரமே கட்டி முடித்துவிடுங்கள்.

போய் இறங்கியவுடனே சறுக்கலாமா?

இரவுச் சறுக்கு இருக்கிறதே, அன்றே ஏறலாமே என்று தோன்றும். வேண்டாம். இரவெல்லாம் சரியாகத் தூங்காத உடம்பு, மரத்துப்போன கால். அன்று மாலை வாடகைப் பொருள்களை மட்டும் போட்டுப் பார்த்து எடுத்து வையுங்கள், மறுநாள் காலை அந்த வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

அப்புறம் விடுதிக்குப் போங்கள். பேருந்திலிருந்து இறங்கும் அந்த நிமிடம் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே இருக்கிறது. மூச்சு இழுத்தால் மூக்கின் உள்முடி விறைப்பது தெரியும், காற்றில் எந்த வாசனையும் இருக்காது, பேருந்து கிளம்பிப் போன பிறகு ஒரு சத்தமும் இருக்காது, பனி எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். வானம் தெளிந்திருந்தால் எதிரே 1,898 மீட்டர் யோத்தேய் மலை முழுசாகத் தெரியும். போன முறை நான் கடைசியாக வந்தேன். படியில் நாலு ஜோடிக் காலணிகள், ஒவ்வொன்றிலும் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே லண்டன்காரன் மிளகு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தான், கதவைத் திறந்த தோழி என் பெட்டியை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது, "புளிக்காய்ச்சல் கொண்டுவந்தியா?"